கொள்ளை சிங்கப்பூரில், செலவு கல்கத்தாவில்

1832-இல் சிங்கப்பூர்ச் சீன வணிகர்கள் பொறுமை இழந்தார்கள். துறைமுகத்துக்கு வெளியிலேயே கொள்ளைப் படகுகள் பதுங்கிக் கிடந்தன. அரசாங்கத்தின் அனுமதியோடு, கைக்காசைப் போட்டு, நான்கு பெரிய படகுகளில் ஆயுதம் ஏற்றி அனுப்பினார்கள். எதிர்ப்பட்ட இரண்டு கொள்ளைப் படகுகளில் ஒன்று மூழ்கடிக்கப்பட்டது. அதற்குப் பிறகுதான் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு மலாக்காவில் இரண்டு காவல் படகுகள் கட்டியது.

இரண்டு படகு எந்த மூலைக்கு? பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ பக்கத்து இலானுன் கொள்ளைக் கூட்டங்கள் பருவக்காற்றோடு வந்து, சரக்கோடு ஆட்களையும் பிடித்துப்போய் அடிமைகளாக விற்றன. 1835-இல் ஐரோப்பிய வணிகர்கள் பிரிட்டிஷ் மன்னருக்கும் கல்கத்தாவிலிருந்த கம்பெனியின் இந்தியத் தலைமைக்கும் மனுப் போட்டார்கள். மறு ஆண்டே கேப்டன் சாட்ஸ் தலைமையில் 'ஆண்ட்ரோமகி' போர்க்கப்பல் வந்தது.

கப்பலோடு செலவுக் கேள்வியும் வந்தது. கடற்படைக் கப்பல் லண்டன் கணக்கு. காவல் படகுகள் கம்பெனி கணக்கு. சிங்கப்பூரோ 1819 முதல் சுங்கமில்லாத் துறைமுகம். அபின், சாராயக் குத்தகைப் பணம் நிர்வாகத்துக்கே போதவில்லை. துண்டு விழுந்ததை வங்காளம் நிரப்பியது. பாதுகாப்பு வேண்டுமென்றால் துறைமுகத்தில் வரி கட்டுங்கள் என்று கல்கத்தா சட்ட முன்வரைவு எழுதியது. வணிகர்கள் கொதித்தெழுந்தார்கள். லண்டன்வரை முறையிட்டு அதைத் தடுத்தும் விட்டார்கள்.

வரி போட்டால் வியாபாரம் பாழாகும் என்ற அவர்கள் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால், மலாக்கா நீரிணையைக் கண்ணால் பார்த்திராத வங்காளக் குடியானவனின் நிலவரியும் உப்பு வரியும் அந்தப் படகுகளுக்குப் போனதே, அதற்கு என்ன நியாயம்? அவன் மனு எங்கும் போகவில்லை.

1837-இல் கம்பெனியின் 'டயானா' நீராவிக் கப்பல் சிங்கப்பூர் வந்தது. அடுத்த ஆண்டு, திரங்கானுக் கடலில் சீனக் கப்பல் ஒன்றைத் தாக்கிக்கொண்டிருந்த ஆறு இலானுன் படகுகள் டயானாவின் புகையைக் கண்டன. பாய்மரக் கப்பல் தீப்பற்றி எரிகிறது என்று நினைத்து அதை நோக்கியே துடுப்பு வலித்தார்களாம். எதிர்க்காற்றில் நேராக வந்த கப்பல் அவர்களைச் சுட்டுத் தள்ளியது.

லண்டன் கொடுத்த பணத்திலும் வில்லங்கம் இருந்தது. 1825-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிடித்த அல்லது கொன்ற ஒவ்வொரு கொள்ளையனுக்கும் கடற்படையினருக்கு 20 பவுண்டு பரிசு. 1849-இல் சரவாக் கடற்கரையில், பெத்திங் மாருவில் நடந்த ஒரே சண்டைக்கு 20,700 பவுண்டு போயிற்று. கொல்லப்பட்டவர்கள் உண்மையில் கொள்ளையர்தானா என்று பார்லிமெண்டில் ஜோசப் ஹியூம் விடாமல் கேட்டார். 1850-இல் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கை லண்டன் ஒழித்தது. சிங்கப்பூரின் வரவுசெலவு மட்டும் 1867 ஏப்ரல் 1 வரை இந்தியக் கணக்கிலேயே இருந்தது.