சப்பிரகமுவ: மலையும் எல்லையும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய விழைவோர் மன்னர்களின் பெயர்களை மட்டும் ஆராய்ந்தாற் போதாது. நிலப்படத்தின் எல்லைக் கோடுகளையும் ஆராய்தல் வேண்டும். அவற்றை வரைந்தவர் யாவர், எதன் பொருட்டு வரைந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காணின், மக்கள் வாழ்வும் உடன் புலப்படும். இலங்கையின் சப்பிரகமுவ மாகாணம் இதற்குத் தக்க சான்றாகும்.

இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களைக் கொண்டது இம்மாகாணம். கிழக்கே மலைநாடு உயர்ந்து நிற்க, மேற்கே நிலம் படிப்படியாகத் தாழ்ந்து செல்கிறது. கிழக்கெல்லையில் 2,243 மீற்றர் உயரமுடைய சிவனொளிபாத மலை விளங்குகிறது. களுகங்கை இரத்தினபுரியைத் தழுவி ஓடுகிறது. களனி கங்கை கித்துல்கலை, எட்டியாந்தோட்டை வழியே கொழும்பை நாடிச் செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலைகளில் மோதிப் பெருமழை பொழிகிறது. இரத்தினபுரியின் தாழ்நிலங்களில் 'இல்லம்' எனப்படும் சரளைப் படையிலே மாணிக்கக் கற்கள் கிடைக்கின்றன. வளந்தரும் மழையே அழிவையும் தருவதுண்டு. 2003 மே மாதத்து வெள்ளமும், 2016 மே மாதம் அரநாயக்கவில் நிகழ்ந்த மண்சரிவும் இதனை உணர்த்தின.

1521ஆம் ஆண்டில் கோட்டை அரசு பிளவுண்டபோது, மாயாதுன்னை சீதாவக்கையைத் தலைநகராக்கி இப்பகுதியை ஆண்டான். பிற்காலத்தில் இது கண்டி அரசின் கீழ், சப்பிரகமுவ, மூன்று கோறளை, நான்கு கோறளை எனத் திசாவைகளாக விளங்கிற்று. 1815இல் ஆங்கிலேயர் கண்டியைக் கைப்பற்றினர். 1833இல் அவர்கள் பழைய கண்டிப் பிரிவுகளைக் கலைத்துக் கரையோர மாகாணங்களோடு இணைத்தனர். 1889இலேயே சப்பிரகமுவ தனி மாகாணமாயிற்று.

இவை யாவும் நிலப்படத்திற் காணும் எல்லைகள். காணாத எல்லை ஒன்றும் உண்டு. அதுவே கிராமத்துக்கும் தோட்டத்துக்கும் இடைப்பட்ட எல்லை.

கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறப்பரும் இம்மலைச் சாரல்களில் பரவின. சிற்றகலப் புகையிரதப் பாதை 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி 1976இல் மூடப்பட்டது. தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிமாருடன் வந்த மக்களே காடு வெட்டினர், கொழுந்து பறித்தனர், விடியற்காலையில் மரஞ்சீவிப் பால் எடுத்தனர். மழை பெய்தால் பால் வெட்ட இயலாது. ஆகவே மழை மிகுந்த இந்நாட்டில் இறப்பர்த் தோட்டத் தொழிலாளிக்கு வேலையற்ற நாட்களும் மிகுந்தன.

நுவரெலியாவிலே தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடக்கும். தெரணியகலை, தெஹியோவிட்ட, இறக்குவானைப் பக்கங்களிலோ அவை சிங்களக் கிராமங்களிடையே சிதறிக் கிடக்கின்றன. எனவே இங்குள்ள தமிழர் சிறு சிறு தொகுதியினராயினர். அவர்தம் குரல் எளிதிற் கேட்கவில்லை. அயலூரான் கிராம நிருவாகத்தை நாடுவான். இவர்கட்கோ தோட்டத் துரையே நிருவாகம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பகுத்தது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே குடியுரிமை வழங்கியது.

ஆயினும் குடியுரிமை பெற்றவன் வீட்டுக்குப் பாதை தானே வந்துவிடாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டப்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணி செய்யச் சபைகளுக்குத் தடை இருந்தது. வாக்கு அளித்தோர் தம் வாக்கினால் அமைந்த சபையிடம் ஒரு விளக்கும் கேட்க இயலாத நிலை அது. 2018இல் அச்சட்டம் திருத்தப்பட்டது.

சட்டப் புத்தகத்திலே அழிந்த கோடு, நிலத்திலும் அழிதல் வேண்டும். லயத்து வாசலுக்குச் செல்லும் பாதையும், குடிநீரும், பள்ளியுமே அதற்குச் சான்று கூறவல்லன. அந்நாளிலேதான் சப்பிரகமுவயின் எல்லை வரலாறு நிறைவுபெறும்.