வீட்டு மேசையில் பிறந்த வானொலி

வானொலியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மார்க்கோனியில் தொடங்கி, அரசாங்க நிலையங்களின் திறப்பு விழாக்களில் முடிப்பர். இவ்விரண்டுக்கும் நடுவே நின்ற ஒரு பெருங்கூட்டத்தை எளிதில் மறந்துவிடுவர். பகலெல்லாம் தத்தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையில் வீட்டு மேசைமீது கம்பியையும் கல்லையும் பரப்பி, தம் கையாலேயே கருவி செய்து கேட்ட ஆர்வலர்களே அக்கூட்டத்தார். பல நாடுகளில் வானொலிக்கு வழி திறந்தவர்கள் அவர்கள். சென்னையும் மலாயாவும் இதற்கு விலக்கல்ல.

கல்லும் கம்பியும்

அவர்கள் முதலில் செய்த கருவி படிக வானொலி எனப்படும். அதன் உயிர்நிலை கலீனா என்னும் கல். ஈயமும் கந்தகமும் சேர்ந்த அக்கனிமத்தின்மீது மெல்லிய கம்பியின் முனை தக்க இடத்தில் பட்டால், மின்னோட்டம் ஒரு திசையில் எளிதாகவும் மறு திசையில் அரிதாகவும் செல்லும். வானலையில் ஏறிவரும் பேச்சையும் பாட்டையும் பிரித்துக் காதுக்குத் தருவது இந்த ஒருவழிப் பண்பே. கலீனாவைக் கொண்டு வானலையை உணரும் முறைக்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் வங்கத்து அறிஞர் ஜகதீச சந்திர போஸ் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

கல்லைத் தொடும் கம்பிக்கு ஆர்வலர்கள் 'பூனை மீசை' என்று பெயரிட்டனர். அதனோடு ஒரு கம்பிச் சுருள், உயரத்தில் கட்டிய ஏரியல், நிலத்தில் புதைத்த கம்பி, காதில் பொருத்தும் ஹெட்போன் ஆகியவை இருந்தால் போதும். மின்கலம் வேண்டுவதில்லை. வந்துசேரும் அலையின் ஆற்றலே ஒலியாகும்.

1922-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தர அளவை நிறுவனம், இக்கருவியை வீட்டிலேயே செய்யும் முறையை விளக்கி ஒரு சிறு வெளியீட்டை அச்சிட்டது. ஓட்ஸ் அடைத்துவரும் வட்டமான அட்டைப் பெட்டிகளின்மீது கம்பியைச் சுற்றிய சிறுவர்கள் எத்தனையோ பேர். கடையில் வாங்கியவன் ஒலியைக் கேட்டான். செய்து கேட்டவனோ ஒலி வந்த வழியையும் அறிந்தான்.

கைத்திறனுக்கு ஒரு கட்டணம்

இந்த ஆர்வத்தை எல்லாரும் வரவேற்றனர் என்று சொல்வதற்கில்லை. பிரிட்டனில் 1922 நவம்பர் 14-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிய பி.பி.சி., அந்நாளில் வானொலிக் கருவி உற்பத்தியாளர்கள் கூடி அமைத்த ஒரு கம்பெனி. விற்கும் கருவிகளிலிருந்து வரும் பங்கும் அதன் வருவாய்களுள் ஒன்று. வீட்டில் செய்த கருவியிலிருந்து அப்பங்கு வராது. இதனால் எழுந்த வழக்கை 1923-இல் சைக்ஸ் குழு ஆராய்ந்தது. அவ்வாண்டு இறுதியில், சாதாரண உரிமத்துக்கு 10 ஷில்லிங் என்றிருக்க, தாமே கருவி செய்வோர்க்கு 15 ஷில்லிங் என்று ஒரு தனி உரிமம் வந்தது. கைத்திறனுக்கு விதித்த அந்த அதிகக் கட்டணம் நெடுநாள் நிலைக்கவில்லை.

சென்னையும் மலாயாவும்

சென்னையில் 1924 மே 16-ஆம் நாள் சென்னை மாகாண வானொலிச் சங்கம் தோன்றியது. அதை முன்னின்று அமைத்தவர் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி. சங்கத்தார் 40 வாட் ஆற்றலுள்ள சிறியதோர் ஒலிபரப்பியைக் கொண்டு அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினர். பம்பாயில் இந்திய ஒலிபரப்புக் கம்பெனி நிலையம் திறந்தது 1927 ஜூலையில்தான் என்பதை ஒப்பிட்டு நோக்கினால், ஆர்வலர்கள் எவ்வளவு முந்திக்கொண்டனர் என்பது விளங்கும். பொருள் முட்டுப்பாட்டால் 1927-இல் சங்கத்தின் பணி நின்றது. ஆயினும் அதன் கருவிகள் சென்னை மாநகராட்சியின் கைக்குச் சென்றன. 1930 ஏப்ரல் 1-ஆம் நாள் மாநகராட்சி வானொலி பேசத் தொடங்கியபோது, அதற்குப் பின்னே நின்றது சங்கத்தாரின் உழைப்பே.

மலாயாவிலும் கதை இதுவே. 1921-ஆம் ஆண்டில் ஜொகூர் அரசின் மின்பொறியாளராகிய பிர்ச் என்பவர் இந்நாட்டுக்கு ஒரு வானொலிக் கருவியைக் கொண்டுவந்து, ஜொகூர் கம்பியில்லாத் தந்திச் சங்கத்தை அமைத்தார். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் அத்தகைய சங்கங்கள் தொடர்ந்தன. கோலாலம்பூர்ச் சங்கத்தின் குரல் புக்கிட் பெட்டாலிங்கிலிருந்து எழுந்தது. பிரிட்டிஷ் மலாயா ஒலிபரப்புக் கழகம் சிங்கப்பூரில் முறையான ஒலிபரப்பைத் தொடங்கியது 1937-இல்தான். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் வித்திட்டு நீரூற்றியவர்கள் சங்கத்தாரே.

செய்தி உயிரான காலம்

பொழுதுபோக்காகக் கற்ற கலையின் உண்மை மதிப்பைப் போர்க்காலம் வெளிப்படுத்தியது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தபின், வெளிநாட்டு ஒலிபரப்பைக் கேட்பது கடுங்குற்றமாயிற்று. எனினும் சாங்கியில் அடைபட்டோருள் இக்கலை தெரிந்தவர்கள், ஒளித்துச் சேர்த்த உதிரிப் பொருள்களைக் கொண்டு கருவிகளை அமைத்து உலகச் செய்தி கேட்டனர்.

1943 செப்டம்பர் இறுதியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டன. சாங்கிச் சிறையிலிருந்து வெளியே செய்தி அனுப்பப்பட்டது என்று ஐயுற்ற ஜப்பானிய இராணுவப் போலீசார், அக்டோபர் 10-ஆம் நாள் சிறையைச் சோதனையிட்டனர். கைதிகளிடம் இருந்தவை செய்தியைக் கேட்கும் கருவிகளே. அனுப்பும் கருவிகள் அல்ல. கப்பல்களைத் தகர்த்தவர்களோ ஆஸ்திரேலியாவிலிருந்து கடல்வழி வந்து மீண்ட படைவீரர்கள். ஆயினும் 57 பேர் பிடிபட்டுச் சித்திரவதைக்கு ஆளாயினர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். கேட்கும் உரிமைக்கு இவ்வளவு விலை கொடுக்க நேர்ந்தது.

அடுத்த ஆண்டு இத்தாலியின் அன்சியோ கடற்கரைப் பதுங்குகுழிகளில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் கலீனாவுக்கும் வழியின்றி, முகம் மழிக்கும் பிளேடையும் பென்சில் கரித்துண்டையும் கொண்டே படிக வானொலி செய்தனர். வால்வுக் கருவிகள் சில தாமே மெல்லிய அலையை வெளிவிட்டுப் பகைவர்க்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிளேடுக் கருவிக்கு அக்குறை இல்லை. கோட்பாட்டை அறிந்தவனுக்குக் கல் இல்லாவிடில் பிளேடு. சூழ்ச்சி அறியாதவனுக்கோ கல் இருந்தும் பயனில்லை.

இன்றைய நிலை

பல நாடுகளில் மத்திய அலை ஒலிபரப்புகள் நிறுத்தப்பட்டு விட்டன. படிக வானொலிக்குக் கேட்க ஒலி குறைந்து வருகின்றது. ஆனால் மேசை வெறுமையாகிவிடவில்லை. 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரெயா நகரில், மாணவர் எளிதில் வாங்கிப் பழகுவதற்கென உருவான ஆர்டுயினோ என்னும் சிறு மின்பலகை, அன்றைய கலீனாக் கல்லின் இடத்தைப் பிடித்துள்ளது. அதன் வரைபடமும் எவரும் காணத் திறந்தே வைக்கப்பட்டது.

மூடிய பெட்டிகளை வாங்கி மட்டும் பழகிய தலைமுறை, அவை பேசாதொழிந்த நாளில் செய்வதறியாது நிற்கும். திறந்து பார்க்கவும், கெட்டதைச் சீராக்கவும், இல்லாததைச் செய்யவும் பழகிய கைகளைச் செவிடாக்க எந்தச் சிறைச்சுவராலும் இயலாது. அறிவியற் பாடத்தைக் கரும்பலகையோடு நிறுத்தாமல் மாணவர் கையிலும் ஒரு கம்பிச் சுருளைக் கொடுக்கும் ஆசிரியர், அவர்களுக்குத் தருவது விளையாட்டுப் பொருளன்று.