லெவ்கே பீரங்கி: கண்டிக்கு இன்னும் 115 கிலோமீற்றர்

1765 பெப்ரவரியில் கண்டி அரண்மனையிலிருந்து ஒல்லாந்தர் தூக்கிச் சென்ற பீரங்கி ஒன்று 2023 டிசம்பரில் இலங்கைக்குத் திரும்பி வந்தது. திரும்பி வந்தது கொழும்புக்கு, கண்டிக்கு அல்ல. செய்திகளில் இந்த வேறுபாடு பெரிதாகப் பேசப்படவில்லை. நாடு பெற்றுக்கொண்டது, ஒப்பந்தம் கையெழுத்தானது, படமும் எடுத்தாயிற்று. ஆனால் அந்தப் பீரங்கியின் வாழ்க்கையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால், பயணத்தின் கடைசிக் கட்டம் மிச்சமிருப்பது தெரியும்.

பீரங்கி என்றதும் கோட்டைக் கொத்தளத்தில் கிடக்கும் கரிய இரும்புக் குழாயை நினைக்க வேண்டாம். இது சிறியது, வெண்கலத்தால் ஆனது. மேலே பொன்னும் வெள்ளியும் இழைத்து மாணிக்கக் கற்கள் பதித்திருக்கிறார்கள். சிங்கம், சூரியன், பிறை என்று கண்டி அரசின் சின்னங்கள் அதில் உண்டு. குழாயின் வடிவம் ஐரோப்பியப் பாணி. மேல் வேலை முழுக்கக் கண்டிக் கம்மியரின் கை. 1745-46 காலத்தில் லெவ்கே என்ற திசாவை (மாகாண ஆளுநர்) இதை அரசனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். அவர் பெயரிலேயே பீரங்கியும் இன்று அறியப்படுகிறது. எதிரியைச் சுடுவதற்காகச் செய்த பொருள் அல்ல இது. அரசன் முன்னால் ஒரு பிரபு தன் விசுவாசத்தையும், கூடவே தன் வசதியையும், வைத்துக் காட்டிய பொருள்.

அப்போது சிம்மாசனத்தில் இருந்தவர் ஸ்ரீ விஜய ராஜசிங்கன். கண்டியின் முதலாவது நாயக்க அரசன், மதுரையிலிருந்து வந்த அரசியின் சகோதரன். அவருக்குப் பின் 1747 இல் வந்தவர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். தென்னிந்தியாவிலிருந்து வந்த குடும்பம், சிங்களப் பிரதானிகள், பௌத்த சங்கம், கடற்கரையில் கறுவாப்பட்டைக்குக் காத்திருக்கும் ஒல்லாந்தக் கம்பனி: இந்த நால்வருக்கும் இடையில் காணிக்கையும் பரிசும் ஓயாமல் போய்வந்த காலம் அது. கண்டி நாட்டுக் காடுகளில் கறுவா உரிக்க அனுமதி கேட்டு, கொழும்பிலிருந்து தூதுக்குழு பரிசுகளோடு மலையேறும். சீயத்திலிருந்து பிக்குகளை அழைத்துவரக் கப்பல் கொடுத்ததும் ஒல்லாந்தர்தான். 1753 இல் கண்டியில் உபசம்பதா என்ற பிக்குகளின் உயர் துறவறச் சடங்கு மீண்டும் தொடங்கியது அந்தப் பயணத்தால். 12 வருடம் கழித்து அதே கம்பனியின் படை அதே நகரத்தைச் சூறையாடியது.

பீரங்கியைச் செய்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் வேலை செய்த ஒழுங்கு மட்டும் தெரியும். பட்டல் ஹத்தர எனப்பட்ட நான்கு அரச பட்டறைகள் கண்டியில் இருந்தன: ஆபரணத்துக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, பொன் வாளுக்கு ஒன்று, சிம்மாசனத்துக்கு ஒன்று. இந்த விவரங்களையெல்லாம் கிராமம் கிராமமாகத் தேடி எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தகப்பனின் மகனான அவர் கல்லும் கனிமமும் ஆராய வந்தவர்; கம்மியர் கையைப் பார்த்ததும் கனிமத்தை விட்டுவிட்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெரிய நூல் 1908 இல் வெளியானது. கண்டியைச் சுற்றி இன்றும் வேலை நிற்கவில்லை; பிலிமத்தலாவையில் வீதியோரமாகப் பித்தளைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நத்தரம்பொத்தையில் கலாபுர என்ற கம்மியர் கிராமமே இருக்கிறது. குத்துவிளக்குச் செதுக்கும் கைக்கும் பீரங்கிக்குப் பொன் இழைத்த கைக்கும் இடையில் எத்தனை தலைமுறை என்று எண்ணிப் பார்க்கலாம்.

துவக்கு வேலையிலும் மலைநாட்டார் சளைத்தவர்கள் அல்ல. தீக்கல் பொறியைப் போர்த்துக்கேயரிடம் கற்றுக்கொண்டார்கள். பிறகு அதைத் தங்கள் விருப்பத்துக்கு மாற்றினார்கள்: பொறி இடப்பக்கத்தில், அடிக்கட்டை இரண்டாகப் பிளந்து சுருண்டபடி, குழாய் நெடுக வெள்ளி இழைப்பு. பாளையங்கோட்டையிலோ ஆம்ஸ்டர்டாமிலோ, ஆயிரம் துவக்குகள் நடுவே வைத்தாலும் கண்டித் துவக்கைக் கண் உடனே பிரித்துவிடும். லெவ்கே பீரங்கியோடு சேர்த்துத் திரும்பி வந்த ஆறு பொருட்களில் இரண்டு இப்படியான மகா துவக்குகள். தோளில் வைத்துச் சுட முடியாத பாரம். மதிலிலோ தாங்கியிலோ வைத்துத்தான் சுடவேண்டும். மற்ற மூன்றில் ஒன்று பொன் வேலைப்பாட்டுக் கஸ்தானை வாள், ஒன்று வெள்ளிக் கஸ்தானை, ஒன்று கத்தி.

இனி 1765. ஆளுநர் லுபெர்ட் யான் வான் எக் முந்தின வருடம் கண்டியைப் பிடிக்கப் போய்த் தோற்றுத் திரும்பியிருந்தார். இம்முறை வறட்சி மாதங்களைத் தெரிந்தெடுத்து, பெரிய படையோடு ஏறினார். அரசன் நகரை விட்டு விலகிப்போனான். மலைநாட்டின் பழைய யுத்த முறை அது. வெறும் நகரத்துக்குள் நுழைந்த படை அரண்மனையை அள்ளியது. வெற்றி என்று சொல்வதற்கு அதற்கு மேல் அதிகம் இல்லை. வான் எக் நோயோடு கொழும்புக்கு இறங்கி ஏப்ரல் 1 ஆம் திகதி இறந்தார். கண்டியில் விட்டுவந்த காவற்படையைக் காய்ச்சலும் பட்டினியும் தின்றன. சில மாதங்களில் அவர்களும் நகரத்தைக் கைவிட்டார்கள். ஆனாலும் 1766 பெப்ரவரி ஒப்பந்தத்தில் கண்டி தன் கரையோரம் முழுவதையும் இழந்தது. பீரங்கி அதற்குள் கைமாறிவிட்டது.

நெதர்லாந்தில் அது ஐந்தாம் வில்லியம் இளவரசரின் அபூர்வப் பொருள் கூடத்துக்குப் போனது. பிரெஞ்சுப் படை 1795 இல் வந்ததும் இளவரசர் இங்கிலாந்துக்கு ஓடினார். அவர் சேகரம் அரசுடைமையாயிற்று. அங்கிருந்து கை மாறி, கடைசியில் ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலை. கொள்ளையடித்தவர்களிடமிருந்தே பறிபோன கொள்ளைப் பொருள் என்பதில் எனக்குச் சின்னத் திருப்தி உண்டு, சரித்திரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்றாலும்.

இலங்கை அதை மறக்கவில்லை. தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக இருந்த பீ. எச். டீ. எச். டி சில்வா, வெளிநாடுகளில் கிடக்கும் இலங்கைப் பொருட்களைத் தேடிப் பட்டியலிட்டு 1975 இல் நூலாக்கினார். அந்த உழைப்பின் பலத்தில்தான் 1980 இல் யுனெஸ்கோ மூலம் திருப்பிக் கேட்கப்பட்டது. அப்போது பலிக்கவில்லை. நாற்பது வருடம் கழித்து காற்று மாறியது. லிலியான் கொன்சால்வெஸ் தலைமையிலான குழு, விருப்பத்துக்கு மாறாக எடுக்கப்பட்ட குடியேற்றக்காலப் பொருட்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என 2020 இல் பரிந்துரைத்தது. நெதர்லாந்து, இலங்கை ஆய்வாளர்கள் சேர்ந்து பழைய கம்பனிக் கடதாசிகளைக் கிளறி, பீரங்கி பரிசாக வந்ததல்ல, கொள்ளையில் வந்தது என்று நிறுவினார்கள். அந்த முறையில் 2023 ஜூலையில் 478 பொருட்கள் திரும்புவதாக அறிவிப்பு வந்தது. 472 இந்தோனேசியாவுக்கு, 6 நமக்கு. ஓகஸ்ட் 28 இல் கொழும்பில் கையெழுத்து.

கொழும்பு தேசிய நூதனசாலையில் இப்போது அதற்கு ஒரு பொருத்தமான துணை இருக்கிறது: கண்டியின் சிம்மாசனம். 1693 இல் ஒல்லாந்தர் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு அது. 1815 இல் பிரித்தானியர் கைப்பற்றினார்கள். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூரில் சிறையிருந்து 1832 இல் இறந்தான். சிம்மாசனம் வின்ட்சர் அரண்மனையில் இருந்துவிட்டு, 1934 இல் குளொஸ்டர் கோமகன் கையால் திரும்பியது. அதுவும் கொழும்போடு நின்றது. கண்டியின் பொருள் எது திரும்பினாலும் தலைநகரத்தில் இறங்கி அங்கேயே தங்கிவிடும் வழக்கம் சுமார் தொண்ணூறு வருடமாக இருக்கிறது.

பாதுகாப்புக் காரணம் சொல்லலாம். 1998 ஜனவரியில் தலதா மாளிகையே குண்டுக்கு இலக்கானது. ஆனால் கொழும்பு நூதனசாலையிலும் 2012 இல் திருட்டு நடந்திருக்கிறது. பாதுகாப்பு என்பது ஊரைப் பொறுத்ததல்ல, பூட்டையும் காவலையும் பொறுத்தது. கண்டியில் தலதா மாளிகையை ஒட்டி அரசனின் மாளிகை இருக்கிறது, தொல்லியல் நூதனசாலையாக. பக்கத்தில் அரசிகளின் பல்லே வாசல், தேசிய நூதனசாலையின் கண்டிக் கிளையாக. பீரங்கி புறப்பட்ட இடம் அந்த வளாகம்தான்.

நிரந்தரமாகக் கொடுக்கத் தயக்கமென்றால், எசல பெரஹெர நடக்கும் ஜூலை, ஓகஸ்ட்டில் ஒரு முறை கடனாகக் கொடுத்துப் பார்க்கலாம். மலைநாடு முழுவதும் நகரத்துக்கு வரும் நாட்கள் அவை. பிலிமத்தலாவைப் பித்தளைக்காரரும் நத்தரம்பொத்தைக் கம்மியரும் கொழும்புக்குப் பேருந்து ஏறாமலே தங்கள் பட்டறை வேலையைக் கிட்ட நின்று பார்ப்பார்கள்.