பழைய அகலக்கோண வில்லைகள்

ஒடுங்கிய தெருவொன்றில் நின்று, எதிரேயுள்ள மாளிகையை அடி முதல் முடி வரை ஒரே படத்தில் அடக்க முயல்பவனுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சுவர் இருக்கும். பின்வாங்க இடமில்லை, ஆகவே வில்லைதான் விரிந்து பார்த்தல் வேண்டும். ஒளிப்படக்கலை தோன்றி இருபது ஆண்டுகள் நிறையுமுன்னரே இத்தேவை உணரப்பட்டுவிட்டது. 1859 ஆம் ஆண்டில் தோமஸ் சட்டன் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிக் கோளமொன்றின் உள்ளே நீரை நிரப்பி, ஏறத்தாழ 120 பாகை அகலத்தைக் காணக்கூடிய வில்லையொன்றை அமைத்தார். ஆனால் அவ்வில்லை தரும் பிம்பம் தட்டையான தகட்டில் விழுவதில்லை. வளைந்த கண்ணாடித் தகடுகளைச் செய்து, அவற்றிலே ஒளியுணர் மருந்தைப் பூசிப் படமெடுக்க வேண்டியதாயிற்று. வளைந்த தகட்டோடு அல்லற்படுவதற்கு எத்தனை பேர் முன்வருவர்? சட்டனின் நீர்வில்லை இன்று அரும்பொருட்காட்சிச்சாலைப் பொருளாகிவிட்டது.

1862 இல் அமெரிக்காவில் ஹரிசன், ஷினிட்சர் என்னும் இருவர் உரிமைப்பத்திரம் பெற்ற ‘குளோப்’ வில்லை வேறொரு வழியிற் சென்றது. ஒன்றையொன்று நோக்கிய இரு வளைந்த பகுதிகள். அவற்றின் நடுவே ஒளித்துவாரம். வெளிப்புற வளைவுகள் இரண்டும் ஒரே கோளத்தின் மேற்பரப்பில் அமைந்தவை. முன்பாதியும் பின்பாதியும் ஒத்திருந்தால் ஒரு பாதி செய்யும் பிழையை மறு பாதி ஈடுசெய்யும்; நேர்கோடு நேர்கோடாகவே நிற்கும். இந்தச் சமச்சீர்த் தத்துவமே பின்வந்த நூறாண்டுக்கும் அகலக்கோண வில்லைகளை ஆண்டது எனலாம்.

எனினும் அகலப் பார்ப்பதற்கு இயற்கை ஒரு விலையை விதித்திருந்தது. படத்தின் நடுவிற் பிரகாசமாக விழும் ஒளி, ஓரத்தை நோக்கிச் செல்லச் செல்ல மங்கும். இதற்குக் காரணங்கள் பல. ஓரத்துக்குச் செல்லும் கதிர் நீண்ட தூரம் பயணஞ்செய்கின்றது. சரிந்து பார்க்கையில் வட்டமான துவாரம் ஒடுங்கி நீள்வட்டமாகின்றது. கதிர் தகட்டிலும் சரிவாகவே விழுகின்றது. இவை யாவும் சேர்ந்து, சாய்கோணத்தின் கோசைன் பெறுமானத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஒளி குறையும் என்பது கணிதம். அச்சிலிருந்து 45 பாகை விலகிய மூலையில், நடுவில் உள்ள ஒளியின் நான்கில் ஒரு பங்கே எஞ்சும். 35 மில்லிமீற்றர் பிலிமைப் பயன்படுத்தும் கமராவில் 21 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லையின் மூலை ஏறத்தாழ இந்த நிலையிலேயே உள்ளது.

இந்த விதியோடு மிக வேடிக்கையாகப் போராடியது 1900 ஆம் ஆண்டில் பெர்லின் கோயெர்ஸ் நிறுவனத்தில் எமில் ஃபொன் ஹோஎக் ஆக்கிய ‘ஹைப்பர்கொன்’ ஆகும். மெல்லிய இரண்டே கண்ணாடிகள். ஏறக்குறைய அரைக்கோளம் போல வளைந்தவை. காட்சியோ சுமார் 135 பாகை! அத்துணை அகலத்தில் மூலைகள் அநேகமாக இருண்டுவிடும். ஆகவே வில்லையின் முன்னே நட்சத்திர வடிவமான சிறு காற்றாடி ஒன்றைப் பொருத்தினர். இறப்பர்க் குமிழை அழுத்தினால் குழாய் வழியே காற்றுப் பாய்ந்து காற்றாடி சுழலும். நடுப்பகுதிக்குச் செல்லும் ஒளியை அது தடுக்க, ஓரங்கள் மட்டும் நிறைய ஒளி பெறும். பின்னர் காற்றாடியைக் கீழே வீழ்த்தி எஞ்சிய நேரத்துக்குப் படமெடுத்து முடிப்பர். கட்டடக் கலைஞர்கள் இதனைப் போற்றினர். அசையும் பொருளுக்கு இது உதவாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அகலக்கோண வில்லையை உண்மையில் வளர்த்தது கட்டடப் படமன்று. வானிலிருந்து நிலத்தை அளக்கும் தொழிலே. விமானம் ஒரு முறை பறக்கும்போது எவ்வளவு நிலம் ஒரு படத்தில் அடங்குகின்றதோ, அவ்வளவுக்குச் செலவு குறையும். அடுத்தடுத்த படங்களுக்கிடையிலான கோணம் விரிவதால் மலையின் உயரத்தையும் நுட்பமாகக் கணிக்கலாம். ஆயின் கோடு சற்றே வளைந்தாலும் வரைபடம் பொய்த்துவிடும். 1933 இல் சைஸ் நிறுவனத்தின் ரொபேர்ட் ரிக்டர், ஹைப்பர்கொன்னின் வழியைப் பின்பற்றி, நான்கு கண்ணாடிகள் கொண்ட ‘டொப்போகொன்’ வில்லையை ஆக்கினார். அதே அமைப்பு அமெரிக்காவில் ‘மெற்றோகொன்’ என்னும் பெயருடன் செய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் ஒரு விமானத்தில் மூன்று கமராக்களைப் பூட்டி, ஒன்றை நேர்கீழாகவும் மற்றிரண்டை இருபுறச் சரிவாகவும் திருப்பி, அடிவானம் முதல் அடிவானம் வரை படமெடுத்தனர். அதுவரை சரியான வரைபடமே இல்லாதிருந்த பெருநிலப்பரப்புகள் இவ்வாறு தாளில் ஏறின. ஜேர்மனியில் வகுத்த வில்லையமைப்பு ஜேர்மனியின் பகைவருக்கே வழிகாட்டியது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

மூலை இருளுக்கு ஓரளவு பரிகாரம் கண்டவர் சோவியத் அறிஞர் மிக்காயில் ருசினோவ். முன்னும் பின்னும் பெரிய குழிவில்லைகளை வைத்தால், சரிந்து பார்க்கும்போது துவாரம் ஒடுங்காமல் விரிந்தே தோன்றும் என்பதை அவர் பயன்படுத்தினார். 1946 இல் அதற்கு உரிமைப்பத்திரமும் பெற்றார். 45 பாகையில் நான்கில் ஒரு பங்காக இருந்த ஒளி, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக உயர்ந்தது. அற்பமாகத் தோன்றும் இவ்வேறுபாடு நிலவளவையாளருக்குப் பெருவரம். அதே திசையில், போரின் பின் சுவிற்சலாந்தின் வில்ட் நிறுவனத்துக்குப் பணிபுரிந்த லுட்விக் பெர்ட்டெலே ‘அவியோகொன்’ வில்லையை வகுத்தார். அதன் வழியிலேயே சைஸ் நிறுவனத்தின் புதிய ‘பியோகொன்’ பிறந்தது. 1954 இல் கொண்டாக்ஸ் கமராவுக்கு வந்த 21 மில்லிமீற்றர் பியோகொன், 90 பாகை அகலத்தைக் கோடு பிசகாமற் காட்டியது. லைக்கா கமராவுக்கு ஷினைடர் நிறுவனம் செய்த 21 மில்லிமீற்றர் ‘சூப்பர் அங்குலொன்’ 1958 இல் வெளிவந்தது.

இவ்வில்லைகளின் பெருமைக்கெல்லாம் ஒரு நிபந்தனை உண்டு. அவற்றின் பின்பகுதி கமராவினுள் நெடுந்தூரம் புகுந்து பிலிமை அணுகி நிற்கும். வில்லைக்கும் பிலிமுக்கும் இடையே கண்ணாடி ஆடியொன்று ஏறி இறங்கும் ஆடிக் கமராக்களுக்கு இது ஒவ்வாது. 1936 இல் திரெஸ்டன் நகரில் வெளிவந்த கீனே எக்சாக்டா போன்ற கமராக்கள் பெருகியபோது இச்சிக்கல் முற்றியது. 1959 இல் வந்த நிக்கோன் எஃப் கமராவின் 21 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்துமுன் ஆடியை மேலே தூக்கிப் பூட்டிவிடவேண்டும். பின்னர் கமராவின் உச்சியில் செருகிய தனிக் காட்சிக்குழாயினூடே பார்த்து, தூரத்தை மதிப்பிட்டுக் குவியப்படுத்த வேண்டும். ஆடிக் கமராவை வாங்கியவன் ஆடியின்றியே படமெடுத்தான்!

மறுவழியைப் பிரான்சின் பியேர் ஆன்ஜெனியூ காட்டினார். தொலைநோக்கு வில்லையின் அமைப்பைத் தலைகீழாக்கி, முன்னே பெரிய குழிவில்லையையும் பின்னே குவிவில்லைத் தொகுதியையும் வைத்தால், குவியத்தூரம் குறுகியிருந்தும் பின்னால் ஆடிக்கு வேண்டிய வெளி கிடைக்கும். வண்ணத் திரைப்படக் கமராக்களில் வில்லைக்குப் பின்னால் அரியம் வைக்க இடம் வேண்டியிருந்தமையால், இங்கிலாந்தின் ரெயிலர் ஹொப்சன் நிறுவனம் 1930 களின் தொடக்கத்திலேயே இம்முறையைக் கையாண்டிருந்தது. எனினும் 1950 இல் ஆன்ஜெனியூ வெளியிட்ட 35 மில்லிமீற்றர் ‘ரெட்ரோஃபோகஸ்’ வில்லையே இதனைச் சாதாரண ஒளிப்படக்காரரின் கைக்குக் கொண்டுவந்தது. ஒரு வணிகப் பெயர் பிற்காலத்தில் அவ்வகை முழுவதற்கும் பொதுப்பெயராயிற்று. யேனா நகரின் ‘ஃபிளெக்டொகொன்’ வில்லைகளும் இவ்வகையினவே. சமச்சீர் குலைந்தமையால் கோடுகள் சற்று வளைந்தன. அண்மைப் பொருளைக் குவியப்படுத்துகையில் மூலைகள் கலங்கின. இக்கலக்கத்தை நீக்க, குவியப்படுத்தும்போதே உள்ளிருக்கும் கண்ணாடிகளின் இடைவெளி மாறும் அமைப்பை நிக்கோன் தனது 24 மில்லிமீற்றர் வில்லையில் 1967 இற் புகுத்தியது.

அறிஞர் உலகம் அக்காலத்தில் பியோகொன்னை அரசகுமாரனாகவும் ரெட்ரோஃபோகஸை ஆடிக்காகச் செய்துகொண்ட சமரசமாகவுமே மதித்தது. பிலிமைப் பொறுத்தவரை அம்மதிப்பீடு நேர்மையானதே. ஆனால் 2008 முதல் ஆடியற்ற இலக்கமுறைக் கமராக்கள் பரவி, 2013 இல் முழுச்சட்ட அளவிலும் அவை வந்தபின்னர், ஓர் இணைப்பு வளையத்தின் துணையால் அநேகமாக எந்தப் பழைய வில்லையையும் பூட்டக்கூடியதாயிற்று. அப்போது தராசு புரண்டது. பிலிம் எக்கோணத்தில் வரும் கதிரையும் ஏற்கும். இலக்கமுறை உணரியோ நேராக வரும் கதிரையே விரும்பும். பியோகொன் வகை வில்லைகளின் பின்பகுதியிலிருந்து மிகச் சரிந்து வரும் கதிர்கள், உணரியின் மேலுள்ள கண்ணாடித் தகட்டினூடே செல்கையில் மூலைகளைக் கலங்கச் செய்வதோடு ஊதாநிறச் சாயலையும் பூசிவிடுகின்றன. பின்னால் வெளிவிட்டு நிற்கும் ரெட்ரோஃபோகஸ் வில்லைகளுக்கு இத்தொல்லை மிகக் குறைவு. ஆகவே இன்று பழைய அகலக்கோண வில்லையொன்றை வாங்க எண்ணுபவர், பெயரின் புகழை நோக்காமல், அதனை எதில் பூட்டப்போகின்றார் என்பதையே முதலில் தீர்மானித்தல் வேண்டும். பிலிம் கமராவாயின் சமச்சீர் வில்லை. இலக்கமுறைக் கமராவாயின் பெரும்பாலும் ஆடிக் கமராவுக்கென்றே செய்த வில்லை. விலையும் பிந்தியதற்கே மலிவு.

உணரியின் அளவையும் மறத்தலாகாது. 20 மில்லிமீற்றர் வில்லை முழுச்சட்டத்தில் 94 பாகையைக் காணும். அரையளவு உணரியில் அதே வில்லை 40 மில்லிமீற்றர் வில்லையின் காட்சியையே தரும். அங்கே அது அகலக்கோண வில்லையன்று.

பொறிப்பிலும் ஒரு வரலாறு மறைந்துள்ளது. 1945 இல் அமெரிக்கப் படை யேனாவை விட்டு விலகுமுன் சைஸ் நிறுவனத்தின் தலைவர்களையும் அறிஞர்களையும் மேற்கே அழைத்துச் சென்றது. பின்வந்த சோவியத் ஆட்சி அங்கிருந்த பொறிகளைக் கழற்றிச் சென்று கீவ் நகரிற் கொண்டாக்ஸ் கமராவின் உறவினனொன்றை உருவாக்கியது. ஒரு நிறுவனம் இரண்டாகி, பெயருக்காக நீதிமன்றங்களிற் பொருதியது. அதனாலேயே சில ஏற்றுமதி வில்லைகளில் சைஸ் என்னும் பெயரின்றி ‘யேனாவிலிருந்து’ என்று பொருள்படும் ஜேர்மன் சொற்கள் மட்டும் காணப்படுகின்றன, அவை போலிகளல்ல. போருக்கு முந்திய 35 மில்லிமீற்றர் பியோகொன்னின் சோவியத் வழித்தோன்றல் ‘யூப்பிற்றர் 12’. அதன் பின்கண்ணாடி காவலின்றி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கமராவின் உட்புறத்தை அளந்து பாராமல் திருகினால் கண்ணாடியும் கமராவும் ஒருங்கே பழுதாகும்.

வில்லையைக் கையில் எடுத்ததும் சிறு மின்விளக்கொன்றை அதனூடே செலுத்திப் பார்த்தல் நன்று. சிலந்தி வலைபோலப் படரும் பூஞ்சணம் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளிற் சாதாரணம்; பூச்சை அரித்திருந்தால் துடைத்தாலும் வடு நீங்காது. ஒட்டிய கண்ணாடிகள் பிரிந்தால் ஓரத்தில் வானவில் நிறம் தெரியும். முன்கண்ணாடியிலுள்ள ஓரிரு கீறல்களுக்கு அஞ்சவேண்டியதில்லை. உள்ளே படிந்த மென்புகையே அதனிலும் கொடியது. துவாரத் தகடுகளில் எண்ணெய் கசிந்திருந்தால் அவை சோம்பி அசையும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. தெரியாத குற்றம், கண்ணாடி அச்சிலிருந்து விலகியிருத்தலாகும். விழுந்தெழுந்த வில்லைகளில் இது மிகுதி. தொலைவிலுள்ள அடிவானத்தை இடமூலையிலும் வலமூலையிலும் வைத்துப் படமெடுத்து ஒப்பிட்டால் அது வெளிப்பட்டுவிடும். தோரியம் கலந்த கண்ணாடி கொண்ட சில பழைய வில்லைகள் தேநீர் நிறம்போல மஞ்சளிக்கும். சில நாள் வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தெளியும்.

பயன்படுத்தும் முறை எளிது. 20 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 8 துவாரத்தில் 1.7 மீற்றருக்குக் குவியப்படுத்தினால், ஏறத்தாழ 85 சதமமீற்றர் முதல் அடிவானம் வரை யாவும் தெளியும் என்பது பழைய கணக்கு. வில்லையின் கழுத்தில் செதுக்கிய தெளிவாழ அளவுகோல் இதனைச் சொல்லும். ஆயினும் அக்கணக்கு சிறிய அச்சுப்படத்தை மனங்கொண்டு வகுத்தது. இன்றைய பெருக்கத்துக்குத் துவாரத்தை எஃப் 11 இல் வைத்து எஃப் 8 இன் கோடுகளை நம்புதலே தகும். தொலைக்காட்சி முழுவதும் கூர்மையாக வேண்டுமாயின், அளவுகோலை விட்டு, திரையிற் பிம்பத்தைப் பெருக்கிப் பார்த்தே குவியப்படுத்த வேண்டும். மலிவான இணைப்பு வளையங்களில் வில்லையின் முடிவிலிக் குறி உண்மையான முடிவிலியாக இராது.

கமராவை மட்டமாகப் பிடித்தல் இவ்வில்லைகளுக்கு மிக அவசியம். சற்று அண்ணாந்தாலும் மாளிகைகள் பின்னோக்கிச் சாயும். ஓரத்தில் நிற்கும் மனிதரின் தலை பருத்து நீளும். இது வில்லையின் குற்றமன்று, கோளவுருவைத் தட்டையான தளத்தில் நேர்கோட்டு முறைப்படி விரிப்பதன் விளைவு. ஆகவே முகங்களை நடுவிலும் தரையையும் சுவரையும் ஓரங்களிலும் வைப்பர் கைதேர்ந்தோர். அவர்கள் இன்னொன்றும் செய்வர்: அகலம் கிடைத்ததென்று பின்னே நில்லாமல், முன்னுள்ள பொருளுக்கு ஒரு முழ தூரத்துக்குள் நெருங்குவர். அங்கே ஒரு கல்லோ படியோ பெரிதாக எழ, பின்னணி தானாக விலகி ஆழம் பெறும். பழைய பூச்சுக்கள் எதிர்வெயிலைத் தாங்கா. வெயில் பக்கத்தே இருப்பின் உள்ளங்கையே நல்ல மறைப்பு, விரல்கள் படத்தில் விழாதவரை.

ஆடியைத் தூக்கிப் பூட்டச் சொல்லிய நிக்கோனின் அந்த 21 மில்லிமீற்றர் வில்லையையும் இன்று சிலர் ஆடியற்ற கமராக்களிற் பூட்டுகின்றனர். தூக்குவதற்கு இப்போது ஆடியே இல்லை. தூரத்தை மதிப்பிடவும் வேண்டியதில்லை. மூலைகள் மட்டும் ஊதா நிறங்கொள்கின்றன. வண்ணத்தைக் கைவிட்டுக் கறுப்பு வெள்ளையிற் படமெடுப்பவருக்கு அந்நிறமும் தடையாவதில்லை.