வணிகரின் பொருளைக் காத்த நூர்மஹல் சராய்

பெரம்பலூர், அரியலூர் பகுதிகளிலிருந்து வணிகத்திற்காக வெளியூர் செல்லும் நாம், இரவு தங்க லாட்ஜ் தேடுகிறோம். 400 ஆண்டுகளுக்கு முன் வட இந்தியாவில் சரக்கோடு சென்ற வணிகர்கள் தேடியது சராயை. அது நம் பக்கத்துச் சத்திரம் போன்றதுதான். ஆனால் நாற்புறமும் மதில் இருக்கும். ஆட்களோடு ஒட்டகங்களும் மாடுகளும் மூட்டைகளும் உள்ளேயே தங்கும்.

ஷேர்ஷா சூர் (ஆட்சி 1540–1545) இரண்டு கோஸ் தூரத்திற்கு ஒன்றாக 1700 சராய்களைக் கட்டியதாக வரலாற்றாசிரியர் அப்பாஸ் கான் ஸர்வானி எழுதுகிறார். அவற்றில் கிணறும் பள்ளிவாசலும் இருந்தன. முஸ்லிம்களுக்கும் இந்துக்களுக்கும் தனித்தனியே தங்குமிடமும் தண்ணீரும் தரப்பட்டன. வழியில் கொள்ளை நடந்து திருடன் அகப்படாவிட்டால், அவ்வூர்த் தலைவர்களே இழப்பை ஈடுகட்ட வேண்டும்.

இந்த மரபில் வந்ததே பஞ்சாபின் ஜலந்தர் மாவட்டத்திலுள்ள நூர்மஹல் சராய். ஆக்ரா–லாகூர் பெருவழியில், பேரரசர் ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹானின் ஆணைப்படி, ஆளுநர் ஸகரிய்யா கான் மேற்பார்வையில் எழுந்தது. ஹிஜ்ரி 1028-இல் தொடங்கி 1030-இல் முடிந்ததாக வாயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. அதாவது கி.பி. 1618 முதல் 1621 வரையிலான காலம்.

சராய் ஏறத்தாழ 551 அடி சதுரம். மூலைகளில் எண்கோணக் கோபுரங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வரிசையாக 32 சிறு அறைகள், அவற்றின் முன் தாழ்வாரம். நடுவே திறந்த முற்றம், பள்ளிவாசல், கிணறு. மேற்கிலுள்ள லாகூர் வாயில் செந்நிற மணற்கல்லால் ஆனது. அதில் யானை, மயில் உருவங்களும் பூ வேலைப்பாடுகளும் செதுக்கப்பட்டுள்ளன.

அறைகள் எல்லாம் முற்றத்தை நோக்கியே திறப்பதற்குக் காரணம் உண்டு. பின்னாளில் சென்னையில் வாழ்ந்த இத்தாலியப் பயணி மனூச்சி, முகலாயச் சராய்களின் வழக்கத்தை விவரிக்கிறார். மாலையில் கதவு அடைபடும். காலையில் காவலர், அவரவர் பொருளைச் சரிபார்க்கும்படி குரல் கொடுப்பார். எதுவும் காணாமல் போயிருந்தால், அது கிடைக்கும்வரை கதவு திறக்காது. அந்த ஒழுங்குக்கு ஏற்ற கட்டடம் இது.

திருக்குர்ஆன் (9:60) ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் சேர்த்துள்ளது. வழிப்போக்கரின் உயிருக்கும் பொருளுக்கும் ஊரே பொறுப்பு என்ற எண்ணம் அன்று கல்லிலும் எழுந்து நின்றது. இன்று நம் மஹல்லாக்களில் புதிய கட்டடம் எழுப்பும்போது, முஸாஃபிர்களுக்கென ஓர் அறையையும் ஒதுக்கி வைப்போம்.