கம்பளி ஆலைக் குடும்பத்தின் மகன் உடுத்திய கதர்



மார்கழிக் குளிரில் கல்வராயன் மலைக்குச் செல்லும்போது நாம் கம்பளிச் சட்டையைத் தேடுகிறோம். அந்த நூல் எப்படி உண்டாகிறது என்று நினைத்துப் பார்ப்பது அரிது. கத்தரித்த ஆட்டு ரோமத்தைக் கழுவி, சிக்கெடுத்து, சிறிது சிறிதாக இழுத்து முறுக்க வேண்டும். தனித்து நிற்கும் ரோமம் எளிதில் அறுந்துவிடும். முறுக்கேறிய பின் பல ரோமங்கள் ஒன்றையொன்று பற்றி நூலாகின்றன. அந்த ஒரே நூலை இரண்டு ஊசிகளால் கண்ணி கண்ணியாகக் கோத்தால் ஆடையாகிறது. நீதிமொழிகளின் கடைசி அதிகாரம் போற்றும் குணசாலியான ஸ்திரீயும் நூற்கும் கதிரில் கைவைத்து உழைத்தவளே.

நூற்றல் என்னும் இத்தொழில், நம் மலைக்கு வடக்கே ஜவ்வாது மலையடிவாரத்தில் உள்ள திருப்பத்தூரின் திருச்சபை வரலாற்றோடும் பிணைந்திருக்கிறது.

ஸ்காட்லாந்தின் அலோவா நகரில் பேட்டன் குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கம்பளி நூல் தொழிலைத் தொடங்கினர். கையால் பின்னுவோருக்கான நூலை அவர்களுடைய ஆலை இயந்திரங்களால் நூற்றது. 1920-இல் அந்நிறுவனம் பால்ட்வின் நிறுவனத்தோடு இணைந்து உலகெங்கும் பெயர்பெற்றது. அக்குடும்பத்தில் 1891-இல் பிறந்தவர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன். செல்வம் அவருக்குப் பிறப்புரிமையாக வந்தது. அவரோ மருத்துவம் கற்று இந்தியாவுக்கு வந்தார்.

1921-இல் தமிழ் மருத்துவரான எஸ். ஜேசுதாசனோடு சேர்ந்து திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினார். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. ஏழைகளுக்கு வைத்தியம் செய்தனர். ஜேசுதாசன் 'பெரியண்ணன்' என்றும், பேட்டன் 'சின்னண்ணன்' என்றும் அழைக்கப்பட்டனர். வெள்ளையர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளையர் தமிழருக்குத் தம்பியாக நின்றது சிறிய காரியமன்று.

அவர்கள் உடுத்தியது கதர். அது கம்பளியன்று, பருத்தி. ஆனால் ஏழையின் கை இராட்டையில் நூற்ற நூல். இயந்திரத்தில் நூற்ற நூலால் செழித்த வீட்டின் மகன், கையால் நூற்ற நூலைத் தம் மேல் தரித்துக்கொண்டார்.

அதற்கு அவர் விலையும் கொடுத்தார். 1932-இல் சென்னையில் அந்நியத் துணிக்கு எதிரான மறியல் நடந்தபோது, கதர் உடுத்தி அங்கே நின்ற அவரைப் போலீசார் அடித்தனர். பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை அச்செய்தி எட்டியது. தம் இனத்தாரின் ஆட்சியே தம்மை அடித்தபோதும் அவர் இந்தியாவை விட்டுப் போய்விடவில்லை. ஏழைகளுக்கான ஊழியத்தைத் தொடர்ந்தார்.

அன்பானவர்களே, மலிவாய்க் கிடைக்கும் ஆடையை வாங்கும் நாம் அதை நூற்றவரையும் நெய்தவரையும் காண்பதில்லை. அவர்களுக்கு நியாயமான கூலி கிடைத்ததா என்று கேட்பதுமில்லை. சின்னண்ணன் அந்தக் கைகளைக் கண்டார். தம் உடையினாலேயே அவர்களோடு தம்மை இணைத்துக்கொண்டார். நம் சபையிலும் கையுழைப்பால் பிழைப்போர் அநேகர். அவர்களுடைய பொருளுக்குப் பேரம் பேசுமுன், அதற்குள் இருக்கும் நாட்களையும் உழைப்பையும் எண்ணிப் பார்ப்போம். கூலியைக் குறையாமல் கொடுப்பதும் தேவனுக்கு நாம் செலுத்தும் ஆராதனையே.