தாம்பூலப் பை முதல் கருப்பட்டி லேபிள் வரை... ஊர் பிரின்ட்டிங் கடைக்கு இன்ஸ்டாவில் ஆர்டர் பிடிப்பது எப்படி?

சாயல்குடியில ஒரு வீட்டுல காதுகுத்து. ஃப்ளெக்ஸ் அடிக்கணும். ஆர்டர் கொடுக்கிற தாய்மாமன் துபாய்ல இருப்பார். பேர் போட வேண்டிய 'நண்பர்கள் குழு'வுல பாதிப் பேர் சென்னையில, மீதிப் பேர் திருப்பூர்ல. போட்டோ வாட்ஸ்அப்ல வரும், அட்வான்ஸ் ஜிபேயில வரும். பேனர் மட்டும்தான் ஊருக்குள்ள நிக்கும். கடைப் படியே ஏறாம காசு கொடுக்கிற இந்த கஸ்டமர் உங்க வேலையை எங்கே பார்த்து முடிவு பண்ணுவார்? கையில இருக்கிற போன்லதான்.

நீங்க சாயல்குடியிலயோ கடலாடி, முதுகுளத்தூர் பக்கமோ ஒரு பிரின்ட்டிங் கடை வெச்சிருக்கலாம். அப்பா ஆரம்பிச்ச கடையை இப்போ நீங்க பார்த்துக்கிட்டு இருக்கலாம். மெஷினே இல்லாம ஆர்டர் மட்டும் எடுத்து வெளியில அடிச்சுக் கொடுக்கலாம். எதுவா இருந்தாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பேனரோட கீழ் மூலையில சின்ன எழுத்துல கடைப் பேரும் செல் நம்பரும் போடுவோம்ல? அதுதான் நம்ம ஊர் பிரின்டர்களோட முதல் 'டேக்'. இன்ஸ்டாகிராம் செய்றதும் அதே வேலைதான். என்ன, பேனரைக் கழட்டின பிறகும் அது அங்கேயே இருக்கும்.

இதுக்கு வெளிநாட்டுல ஒரு நல்ல முன்கதை இருக்கு. இன்ஸ்டாகிராம் வந்தது 2010 அக்டோபர்ல. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே, 2006-ல், லண்டன்ல 'மூ'னு ஒரு பிரின்ட்டிங் நிறுவனம் ஃப்ளிக்கர் தளத்தோட கைகோத்துச்சு. ஃப்ளிக்கர்ல நீங்க ஏத்தி வெச்ச போட்டோக்களை 70-க்கு 28 மில்லிமீட்டர் அளவுல குட்டி குட்டி அட்டையா அடிச்சுத் தருவாங்க. 100 அட்டை வாங்கினா 100-லயும் வேற வேற படம் வெச்சுக்கலாம். வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா? அட்டைகளைப் பரப்பி வெச்சு போட்டோ எடுத்து, திரும்ப ஃப்ளிக்கர்லயே போட்டாங்க. கடையோட விளம்பரத்தை கஸ்டமரே எடுத்துக் கொடுத்த கதை இது. அவங்க போட்டது கம்ப்யூட்டர்ல இருந்த டிசைனை இல்லை, கையில வந்து சேர்ந்த அட்டையை. இந்த வித்தியாசத்துலதான் நம்ம ஊர்க் கடைகள் நிறைய கோட்டை விடுது.

டிசைனைப் போடாதீங்க, பொருளைப் போடுங்க!

பெரும்பாலான பிரின்ட்டிங் கடைப் பக்கங்களைத் திறந்தா ஒரே மாதிரிதான் இருக்கும். போட்டோஷாப்ல பண்ணின ஃபைலை அப்படியே ஜேபெக்கா மாத்தி வரிசையா ஏத்தி வெச்சிருப்பாங்க. பார்க்கிறவருக்கு அதுல தெரியறது டிசைன் மட்டும்தான். அச்சு எப்படி வந்திருக்கு, கலர் அடிச்சிருக்கா, மங்கியிருக்கா, துணி என்ன தரம், ஸ்டிக்கர் ஓரம் சுத்தமா வெட்டியிருக்கா... எதுவும் தெரியாது. போதாக்குறைக்கு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அடுத்த கடையில கொடுத்து 'இதே மாதிரி பண்ணுங்க அண்ணே'னு சொல்றதுக்கும் அதுதான் வசதி.

அதனால அச்சான பிறகு எடுங்க. தாம்பூலப் பைன்னா தேங்காய், வெத்தலை, பாக்கு உள்ள இருக்கும்போது எடுங்க. காலிப் பை தட்டையா கிடக்கும். நிறைஞ்ச பை நின்னாத்தான் அச்சும் தெரியும், பை தாங்குமான்னும் தெரியும். டி-ஷர்ட்டை யாராவது போட்டிருக்கும்போது எடுங்க. ஆள் கிடைக்கலைன்னா ஓலைப் பாய்ல விரிச்சு நேர் மேல இருந்து எடுக்கலாம். மொய் நோட்டுன்னா பேனா மூடியைத் திறந்து பக்கத்துல வெச்சு எடுங்க. நம்ம பக்கத்துல மொய்யோட மரியாதை தெரிஞ்சவங்களுக்கு அந்த ஒரு படம் போதும், ஆர்டர் தன்னால வரும்.

ஃபங்ஷன் வேலை முகூர்த்த மாசத்தோட முடிஞ்சுடும். சாயல்குடி பக்கம் வருஷம் பூரா ஓடக்கூடியது லேபிள் வேலை. சுத்துப்பட்டுல பனங்காடு, கருப்பட்டி காய்ச்சுற குடும்பங்கள், மூக்கையூர்ல மீன்பிடித் துறைமுகம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு. கருப்பட்டி மழைக்காலத்துல கசியும். சாதா பேப்பர் லேபிள் அப்போ ஊறி உரியும், வினைல் ஸ்டிக்கர் தாங்கும். இதைப் பக்கம் பக்கமா எழுத வேண்டாம். ரெண்டு லேபிள் மேலயும் தண்ணியைத் தெளிச்சு பத்து செகண்ட் வீடியோ எடுத்துப் போடுங்க. இந்த ஊருக்கு இதைவிட நல்ல ரீல்ஸ் எனக்குத் தோணலை.

லேபிள் ஆர்டர் எடுக்கும்போது ரெண்டு விஷயம். பேக் பண்ணின உணவுப் பொருள்னா எஃப்எஸ்எஸ்ஏஐ உரிம எண் லேபிள்ல இருக்கணும். புவிசார் குறியீட்டு முத்திரையை, அதுக்குன்னு பதிவு செஞ்சவங்கதான் பயன்படுத்தலாம். 'சும்மா அழகுக்குப் போடுங்க'ன்னு கேட்டா போட்டுக் கொடுத்துடாதீங்க.

வெயிலே எதிரி, வெயிலே லைட்டு

கேமரா போன் எதுவா இருந்தாலும் பரவாயில்லை. முதல்ல லென்ஸைத் துடைங்க. மை கை, தூசி, எண்ணெய் எல்லாம் படிஞ்ச லென்ஸ்ல எடுத்தா நல்ல அச்சுகூட மங்கலாத்தான் தெரியும். ஃப்ளெக்ஸும் கப்பும் பளபளன்னு இருக்கும். டியூப் லைட்டுக்குக் கீழ எடுத்தா அதுல தெரியறது உங்க டியூப் லைட்டுதான். கடை வாசல்ல நேர் வெயில் படாத நிழலுக்குக் கொண்டு வாங்க. காலை எட்டு மணிக்கு முன்னாடி, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எடுத்தா கலர் நிஜத்துக்குப் பக்கத்துல வரும். இருட்டா விழற பக்கத்துல ஒரு வெள்ளை தெர்மாகோலை நிறுத்தி வைங்க. தனியா லைட்டு வாங்கவே வேண்டாம்.

இன்ஸ்டாகிராம் ஆரம்பத்துல சதுரப் படம் மட்டும்தான் எடுத்துக்கும். 2015-ல் மத்த அளவுகளையும் விட்டுச்சு. 2025 தொடக்கத்துல ப்ரொஃபைல்ல தெரியற கட்டங்களையே நீளவாக்குல மாத்திடுச்சு. நம்ம ஃப்ளெக்ஸோ எட்டுக்கு நாலு, படுக்கைவாக்கு. முழுசா வெச்சா போன் ஸ்கிரீன்ல தீப்பெட்டி மாதிரி தெரியும். முதல் படமா ஒரு மூலையை நெருக்கமா எடுத்துப் போட்டு, முழுப் பேனரையும் ரெண்டாவது படமா வைங்க. பக்கத்துல ஒரு ஆளோ பைக்கோ நின்னா அளவும் புரியும்.

வீடியோ எடுக்கிறதா இருந்தா, மெஷின்ல பேனர் மெதுவா வெளிய வர்றது, சூடான கப்புல இருந்து பேப்பரைப் பிரிக்கிறது... இது ரெண்டையும் ஜனங்க சலிக்காமப் பார்க்கிறாங்க. சினிமா பாட்டு வைக்கணும்னு அவசியம் இல்லை. பிசினஸ் அக்கவுன்ட்டுக்கு எல்லாப் பாட்டும் கிடைக்கவும் செய்யாது. மெஷின் சத்தமே போதும்.

விலையைச் சொல்லுங்க பாஸ்

'விலைக்கு டிஎம் பண்ணவும்'னு எழுதற பழக்கத்தை யார் ஆரம்பிச்சாங்கன்னு தெரியலை. கேட்கத் தயங்கி அப்படியே நகர்ந்து போறவங்க எத்தனை பேர்னு உங்களால எண்ணவே முடியாது. அளவு, குறைந்தபட்ச எண்ணிக்கை, விலை, எத்தனை நாள்ல கிடைக்கும்... நாலையும் படத்துக்குக் கீழ எழுதிடுங்க. படத்துக்குள்ள இருக்கிற எழுத்தை மட்டும் நம்பாதீங்க. தேடுறவர் கண்ணுல படணும்னா சாயல்குடிங்கிற பேர் கேப்ஷன்ல டைப் பண்ணின எழுத்தா இருக்கணும். தமிழ்லயும் எழுதுங்க, ஆங்கிலத்துலயும் எழுதுங்க. ஆங்கிலத்துல நம்ம ஊர்ப் பேரை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுறாங்க, அதனால ரெண்டு ஸ்பெல்லிங்கையும் போட்டு வைங்க. லொகேஷனையும் சேருங்க. கடையில பாமினி ஃபான்ட்லயே அடிச்சுப் பழகினவங்க, இங்கே மட்டும் யூனிகோடுக்கு மாறிடுங்க. இல்லைன்னா கூகுளுக்கே புரியாது.

இன்ஸ்டாவில பார்த்தவர் ஆர்டர் கொடுக்க வாட்ஸ்அப்புக்குத்தான் வருவார். 2018-ல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல கேட்டலாக் வசதி இருக்கு. அதே படங்களை விலையோட அங்கேயும் அடுக்கி வெச்சுட்டா, ஒரே கேள்விக்கு நாள் பூரா பதில் சொல்ல வேண்டியதில்லை.

இப்போ, சண்டை வர்ற இடம். கஸ்டமர் தன்னோட இன்ஸ்டா போட்டோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி 'இதை எட்டடிக்குப் போடுங்க'ம்பார். அந்தப் படம் பெரும்பாலும் 1,080 பிக்சல் அகலம்தான் இருக்கும். அங்குலத்துக்கு 300 புள்ளின்னு அடிச்சா 3.6 அங்குலம் வரும், கப்போட ஒரு பக்கத்துக்குப் போதும். எட்டடி பேனர்ல இழுத்தா அங்குலத்துக்கு 11 பிக்சல். முகம் கட்டம் கட்டமா வரும், பழி கடைக்கு வரும். 'ஒரிஜினல் போட்டோவை வாட்ஸ்அப்ல டாக்குமென்ட்டா அனுப்புங்க'ன்னு ஒரு படம் தயார் பண்ணி ப்ரொஃபைல்ல முதல் போஸ்ட்டா பின் பண்ணி வைங்க. கப்புல அடிக்கிற சப்ளிமேஷன் முறை காட்டன் டி-ஷர்ட்டுக்குப் பிடிக்காது, பாலியஸ்டருக்குத்தான் பிடிக்கும். காட்டனுக்கு டிடிஎஃப்போ ஸ்கிரீன் பிரின்ட்டிங்கோதான். இதையும் முன்னாடியே சொல்லிடுங்க. துவைச்ச பிறகு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

அந்த முகம் உங்களோடது இல்லை

ஒரு மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸை எடுத்துக்கோங்க. பதிமூணு வயசுப் பொண்ணோட படம், பேர், அப்பா அம்மா பேர், தெரு, ஊர், தேதி. சில பேனர்ல செல் நம்பரும் இருக்கும். ரெண்டு நாள் தெருவுல நின்னா அதைப் பார்க்கிறது ஊர்க்காரங்க. உங்க பக்கத்துல ஏத்திட்டா யார் பார்க்கிறாங்க, யார் டவுன்லோடு பண்றாங்கன்னு உங்களுக்கே தெரியாது. அந்தப் பொண்ணு காலேஜ் போற வயசுலயும் அது அங்கேயே கிடக்கும். பேனர் அடிக்கக் கொடுத்தது, ஊர் உலகத்துக்கே காட்டக் கொடுத்த அனுமதி ஆகாது.

2023-ல் நிறைவேறின டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க தகவலைக் கையாள பெற்றோரோட சம்மதம் வேணும்னு சொல்லுது. என்னைக் கேட்டா, சம்மதமே கொடுத்தாலும் குழந்தைங்க முகத்தைப் போடாதீங்க. பேனர்ல பார்டர் வேலையை எடுங்க, எழுத்தோட கூர்மையை எடுங்க, பேனரைச் சுருட்டிக் கட்டி டெலிவரிக்கு வெச்சிருக்கிறதை எடுங்க. உங்க தரம் அதுலயே தெரியும்.

பெரியவங்க படத்துக்கு பில் புக்லயே ஒரு வரி அச்சடிச்சுக்கலாம்: 'இந்த வேலையின் போட்டோவை எங்கள் பக்கத்தில் போடலாமா? ஆம் / இல்லை'. கடைக்கே வராத துபாய் மாமாகிட்ட அதே கேள்வியை வாட்ஸ்அப்ல கேளுங்க, பதில் எழுத்துல இருக்கும். பின்னாடி எடுக்கச் சொன்னா காரணம் கேட்காம எடுத்துடுங்க. கல்யாணப் பத்திரிகைன்னா வீட்டு முகவரியையும் நம்பரையும் மறைச்சு, முகூர்த்தம் முடிஞ்ச பிறகு போடுங்க. எந்த வீடு எந்தத் தேதியில பூட்டிக் கிடக்கும்னு நாமளே சொல்ல வேண்டாம். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேண்டவே வேண்டாம். அப்புறம், பர்த்டே கிஃப்ட் கப்பை பிறந்தநாளுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ்ல வெச்சுடாதீங்க. அந்த பர்த்டே பேபியும் உங்க ஃபாலோயரா இருக்கலாம்!

தலைவர் படம், நடுரோட்டு பேனர்

நடிகர் முகம் போட்ட டி-ஷர்ட்டுக்கு லைக்ஸ் அள்ளும்தான். ஆனா, ரஜினிகாந்த் தொடர்ந்த வழக்குல, பிரபலங்களோட பேருக்கும் உருவத்துக்கும் உரிமை உண்டுன்னு சென்னை உயர் நீதிமன்றம் 2015-லேயே சொல்லிடுச்சு. 2022 நவம்பர்ல அமிதாப் பச்சன் டெல்லி உயர் நீதிமன்றத்துல வாங்கின தடையில, டி-ஷர்ட்ல அவர் படத்தைப் போட்டு விக்கிறதும் அடக்கம். ரசிகர் மன்றத்துக்காரர் பேனர் கேட்டு வர்றது வேற. நீங்களே ஸ்டாக் அடிச்சு, விலை போட்டு, இன்ஸ்டாவில கடை விரிக்கிறது வேற.

பேனர் விஷயத்துலயும் கவனம். அனுமதியில்லாத டிஜிட்டல் பேனர்களுக்கு 2018 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. அப்படியும் 2019 செப்டம்பர்ல சென்னை பள்ளிக்கரணையில பேனர் சரிஞ்சு விழுந்து, ஸ்கூட்டர்ல போன இளம்பெண் ஒருத்தர் லாரியில சிக்கி இறந்துபோனாங்க. பேரூராட்சி அனுமதி இல்லாம ரோட்டை மறிச்சு நிக்கிற பேனரை 'நம்ம கடை வேலை'ன்னு பெருமையா போஸ்ட் பண்றது, நீங்களே எழுதிக் கொடுக்கிற வாக்குமூலம். ஃப்ளெக்ஸுக்கு எப்போ வேணும்னாலும் கட்டுப்பாடு இறுகலாம்ங்கிறதாலயும், உங்க பக்கத்துல துணிப் பை, லேபிள், மொய் நோட்டு படங்கள் பேனரைவிட அதிகமா இருக்கட்டும்.

வாரத்துக்கு மூணு போஸ்ட் தாராளம். நாளைக்கு டெலிவரி போற பார்சல்ல, முகம் இல்லாத ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்க. கட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் வாசல் நிழலுக்குக் கொண்டு வந்து வைங்க. லென்ஸைத் துடைக்க மறந்துடாதீங்க.